தனுஷ்கோடியைப் பேய் ஊர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்

நம் தனுஷ்கோடிச் சங்கத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் மஸ்கட்டிலிருந்து நம் தங்கச்சி ஒருவர் எழுதியிருந்தார். அவர் மகன் ஒரு வீடியோவைக் காட்டி, "அம்மா, பாட்டி ஊர் பேய் ஊராமே, அங்கே யாருமே இல்லையாமே?" என்று கேட்டானாம். பையனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. டிசம்பர் விடுமுறையில் பத்து நாள் ஊரில் இருந்துவிட்டு வந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஆட்கள் இருக்கிறார்கள். தனுஷ்கோடியின் பாலம், கம்பிப்பாடு என்ற மீனவர் குடியிருப்புகளில் இன்றும் அடுப்பு எரிகிறது. நான் போன அன்று வாடைக்காற்று பலமாக இருந்ததால் வடகடல் (பாக் நீரிணை) கலங்கிக் கிடந்தது. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கரைவலை போட்டிருந்தார்கள். வள்ளத்தில் போய் வலையை வளைத்து விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டுவந்து, இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர் நின்று இழுக்கிறார்கள். கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடப்பார்கள். மேலே போய்ச் சேர்ந்தவர் கழற்றிக்கொண்டு மறுபடி தண்ணீருக்கு ஓடி வந்து முதலில் பிடிப்பார். வலையின் பை போன்ற மடி கரைக்கு வர ரொம்ப நேரம் ஆனது. அன்றைக்கு அதில் இருந்தது பெரும்பாலும் சூடை, காரல் என்ற சிறு மீன்கள்தான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள். பங்கு கேட்காமலே கொடுக்கிற பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது.

இப்போது பழைய கதை. நம்மில் பலருக்கும் தனுஷ்கோடி என்றாலே கப்பலோடு இணைந்த போட் மெயில் ரயில்தான் நினைவுக்கு வரும். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடி துறையில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். என் அப்பத்தா இர்வின், கோஷன் என்று கப்பல் பெயரையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மாதிரிச் சொல்வார். ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்த ஊர்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கும்போது சிக்னல் கிடைக்காமல் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்த வண்டியைக் கடல் எடுத்துக்கொண்டது. அதில் இருந்த நூறு பேருக்கும் மேல் போய்விட்டார்கள். ஊருக்குள் எத்தனை பேர் என்று அப்பத்தாவிடம் கேட்டால் எண்ணிக்கை சொல்லமாட்டார், பெயர்களைச் சொல்வார். தன் தங்கச்சியின் பிரசவத்துக்காக அந்த வாரம் ராமேஸ்வரத்தில் இருந்ததால் அவர் பிழைத்தார்.

உடைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்ப வந்தது. தனுஷ்கோடிக்கு வரவே இல்லை. இனி வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

இதில் நம் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ரயில் வந்தது 1914, போனது 1964. துறைமுகம் என்ற பெருமை 50 ஆண்டுதான். அது போய் 60 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ரயில் வருவதற்கு முன்பும் அங்கே வலை இழுத்தார்கள், ரயில் இருந்தபோதும் இழுத்தார்கள், இப்போதும் இழுக்கிறார்கள். ஆனால் சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுப்பது எதை? பவளக்கல் சுவரோடு நிற்கும் மாதா கோயிலை, ஸ்டேஷன் மிச்சத்தை, தண்ணீர்த் தொட்டியை. கல்லால் கட்டியது மிஞ்சியது, அதனால் அதுதான் ஊர் என்று ஆகிவிட்டது. நம் ஆட்கள் குடியிருந்தது பனையோலைக் குடிசையில். அப்பத்தா வீடு இருந்த இடத்தில் படம் எடுக்க ஒரு கல்கூடக் கிடையாது. அவர்கள் திரும்ப வந்து போட்டதும் அதே ஓலைக் குடிசைதான், அது யார் கண்ணிலும் படுவதில்லை.

புயலுக்குப் பிறகு நிறையப் பேர் ராமேஸ்வரம் பக்கம் உள்ள நடராஜபுரத்தில் குடியேறினார்கள். ஆனால் பாடு, அதாவது வலை விரிக்கும் இடம், தனுஷ்கோடியில்தானே இருக்கிறது? கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். பல ஆண்டுகள் மின்சாரம் கிடையாது, ரோடு கிடையாது. தண்ணீர் மட்டும் மணல் கொடுத்தது. நீங்கள் அந்த ஊற்றைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் கடல். நடுவே மணலை முழங்கை ஆழம் கையால் தோண்டினால் அடியில் நல்ல தண்ணீர் மெல்லக் கசியும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். சிரட்டையால் மேலாக அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். எனக்கு ஒரு அக்கா அள்ளிக் கொடுத்தார். கரித்துப்போகாத, இளநீர் மாதிரி லேசான தண்ணீர்.

2017 வரை பழைய சாலை முடிந்த முகுந்தராயர் சத்திரத்தில் ஜீப்போ வேனோ பிடித்து மணலில் குலுங்கிக்கொண்டுதான் போக முடியும். அந்த ஆண்டு ஜூலையில் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறந்தார்கள். அதிலிருந்து எல்லாமே வேறு. சாலையை நான் குறை சொல்ல மாட்டேன். உடம்பு சரியில்லாத ஆளைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பொரித்த மீன், சங்கு, பாசிமணி விற்றுப் பல குடும்பம் சாப்பிடுகிறது. கடல் கைவிடும் நாளில் அந்தக் காசு பெரிய உதவி. ஆனால் வேன் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு அந்தத் தொழில் சுருங்கிவிட்டது. வலை காயப்போடும் இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள். மாதா கோயில் சுவரில் பெயர் கீறியிருக்கிறார்கள். பவளக்கல் மிருதுவானது, சுரண்டினால் உதிரும். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது.

பூநாரைகளுக்காக 2025-ல் அங்கே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். நல்ல விஷயம். பறவைகளோடு சேர்த்து அங்கே வலை இழுக்கும் மனிதர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நாம் சங்கத்தின் சார்பில் எழுதிக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். மற்றவர்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். புயலன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கே இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. எந்தச் சுவர் எந்தக் கட்டடம், எந்தத் தெருவில் யார் குடியிருந்தார்கள், எந்தப் பாடு எந்தக் குடும்பத்துடையது என்று சொல்லக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிச்சம். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் இந்த வாரமே போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். பழைய கடிதம், கப்பல் டிக்கெட், ஞானஸ்நானச் சீட்டு, கல்யாணப் படம் எது இருந்தாலும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள், நான் தொகுக்கிறேன்.

மஸ்கட் தங்கச்சிக்கு: கரைவலை இழுக்கும் படங்களையும் ஊற்றுப் படத்தையும் தனியாக அனுப்பியிருக்கிறேன், மருமகனிடம் காட்டுங்கள். மே மாதம் ஊருக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். அப்போது சோழகம் (தென்காற்று) அடிக்கும், தென்கடல் இரைந்துகொண்டிருக்கும். வலை வடக்குப் பக்கம் இருக்கும், அங்கே கூட்டிப் போங்கள். கேட்டால் பையன் கையிலும் கயிற்றைக் கொடுப்பார்கள்.