சிக்னிபிகன்ட், மெட்டீரியல், சப்ஸ்டன்ஷியல்: இதில் எது பெரிது?

வெள்ளவத்தை_ட்ரெய்னி

கொழும்பில் ஒரு ஓடிட் நிறுவனத்தில் ட்ரெய்னியாக இருக்கிறேன், சனி ஞாயிறில் மாஸ்டர்ஸ் வகுப்பும் ஓடுகிறது. ஆங்கில இலக்கணம் எப்படியோ சமாளிக்கலாம், இந்த அளவுச் சொற்கள்தான் தலையிடி. வேர்க்கிங் பேப்பரில், சரக்கிருப்பில் சிக்னிபிகன்ட் வித்தியாசம் இருக்கிறது என்று எழுதினால் மனேஜர் அதை வெட்டிவிட்டு, மெட்டீரியலா இல்லையா, அதை மட்டும் சொல்லு என்கிறார். அதே சொல்லைத் தீசிஸில் போட்டால் சுப்பவைசர் வட்டம் போட்டு, பி-வெல்யூ எங்கே என்று பக்கத்தில் எழுதுகிறார். போதாததற்கு அம்மாவின் ஸ்கேன் ரிப்போட்டில் "க்ரொஸ்லி நோர்மல்" என்று இருந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பயந்துபோனோம். அகராதியில் சிக்னிபிகன்ட், சப்ஸ்டன்ஷியல், கன்சிடரபிள் எல்லாவற்றுக்கும் "கணிசமான" என்றே இருக்கிறது. எது பெரிது எது சிறிது என்று ஒரு வரிசை யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.

எண்_பைத்தியம்

வரிசை கிடையாது தம்பி, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

உங்கள் சுப்பவைசர் கேட்பது நியாயம். புள்ளிவிபரவியலில் சிக்னிபிகன்ட் என்பது பெரியது என்று சொல்லும் சொல்லே இல்லை. உண்மையில் வித்தியாசம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதைவிடக் கூடவோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கிறோம், அதுதான் பி-வெல்யூ, அது 0.05 ஐவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பெயரை வைக்கிறோம், அவ்வளவுதான். இருபதில் ஒன்று என்ற இந்தக் கோட்டைப் பிரபலமாக்கியது 1925 இல் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர், அதுவும் வசதியான ஒரு எல்லை என்றுதான் சொன்னார், பிறகு வந்தவர்கள் அதை வேதவாக்காக்கிவிட்டார்கள். இரண்டு ஊர்களில் தலா 50,000 பேரின் உயரத்தை அளந்தால் சராசரியில் இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம்கூட சிக்னிபிகன்ட் ஆகிவிடும், யாருக்கு என்ன பிரயோசனம்? மறுபக்கம், பத்துப் பேரை வைத்துச் செய்த ஆய்வில் பெரிய வித்தியாசம் வந்தாலும் அந்தப் பெயர் கிடைக்காமல் போகலாம். பி-வெல்யூ விளைவின் பருமனை அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளிவிபரச் சங்கமே 2016 இல் அறிக்கை விட்டது.

துகள் பௌதிகக்காரர்களிடம் போனால் 0.05 ஐப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு ஐந்து சிக்மா வேண்டும், அதாவது தற்செயலாக அப்படி வர கிட்டத்தட்ட 35 இலட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான். 2012 இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தது அந்தக் கோட்டைத் தொட்ட பிறகுதான்.

லெட்ஜர்_அக்கா

மனேஜர் வெட்டியதும் சரி. நமக்கு சிக்னிபிகன்ட் என்ற சொல் வேறு வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. "சிக்னிபிகன்ட் ரிஸ்க்" என்றால் கணக்காய்வு நியமத்தில் தனி அர்த்தம், "சிக்னிபிகன்ட் இன்ஃபுளுவன்ஸ்" என்றால் இலங்கைக் கணக்கீட்டு நியமம் எல்.கே.ஏ.எஸ். 28, அங்கே இன்னொரு கம்பனியில் 20 சதவீத வாக்குரிமை இருந்தால் செல்வாக்கு இருப்பதாக எடுத்துக்கொள்வோம். சும்மா "பெரிது" என்ற அர்த்தத்தில் அதைப் போட்டால் வாசிக்கிறவருக்கு எது என்று விளங்காது.

மெட்டீரியல் என்றால், இந்தப் பிழையால் கணக்கை வாசிப்பவரின் முடிவு மாறுமா என்ற கேள்வி. வரிக்கு முந்திய இலாபத்தில் 5 சதவீதம் என்று எல்லோரும் தொடங்குவது நியமத்தில் உதாரணமாக இருப்பதால்தான், அது சட்டமில்லை. சின்னத் தொகையும் மெட்டீரியல் ஆகலாம்: நட்டத்தை இலாபமாகக் காட்டப் போதுமான தொகை, வங்கிக் கடன் நிபந்தனை மீறப்பட்டதை மறைக்கும் தொகை, டிரெக்டர் எடுத்த தொகை. வித்தியாசம் எத்தனை ரூபா, நாம் வைத்த எல்லை எத்தனை ரூபா, இரண்டையும் எழுதுங்கள். பெயரடை தேவைப்படாது.

உண்மையான கூத்து வருட முடிவில் லோயர்மாரின் கடிதம் வரும்போது. கம்பனிக்கு எதிராக வழக்கு இருக்கிறது, ஏற்பாடு போடுவதா (வரப்போகும் செலவை இப்போதே கணக்கில் பதிவதா) இல்லையா என்று எல்.கே.ஏ.எஸ். 37 ஐப் பார்க்க வேண்டும். காசு கட்டவேண்டி வருவது "ப்ரொபபிள்" என்றால் ஏற்பாடு, "பொசிபிள்" என்றால் குறிப்பில் வெளிப்படுத்தல், "ரிமோட்" என்றால் ஒன்றும் வேண்டாம். இங்கே ப்ரொபபிள் என்பது நடக்காமல் இருப்பதைவிட நடப்பதற்கு வாய்ப்புக் கூட, அதாவது பாதியைக் கொஞ்சம் தாண்டினாலே போதும். லோயர் என்ன எழுதுவார்? "ரீசனபிள் ப்ரொஸ்பெக்ட்ஸ்" இருக்கிறது என்று எழுதுவார். அதை எந்தப் பெட்டிக்குள் போடுவது? கேட்டால் அதே வசனத்தைக் கொஞ்சம் நீட்டித் திருப்பி அனுப்புவார்.

புதுக்கடை_கறுப்புக்கோட்டு

அக்கா, நீட்டுவது வேண்டுமென்றேதான் 😄 நீதிமன்றத்தில் இருப்பது மனிதர்கள், சதவீதம் எழுதிக்கொடுத்துவிட்டுத் தோற்றால் கட்சிக்காரர் அந்தக் கடிதத்தோடு என் வாசலில் நிற்பார்.

சட்டம் எண் வைக்க விரும்பும் இடத்தில் வைக்கும். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் "மேஜர் ட்ரான்செக்சன்" என்றால் சொத்துப் பெறுமதியின் பாதியைத் தாண்டவேண்டும், அதில் வாதமில்லை. ஆனால் "நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்" என்பதற்கு எத்தனை சதவீதம் என்று நீதிபதியிடம் கேட்டுப் பாருங்கள். அரசியலமைப்பின் 128 ஆம் உறுப்புரையில் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போக "சப்ஸ்டன்ஷியல்" சட்டப் பிரச்சினை வேண்டும் என்கிறது, அது வழக்கின் பணப் பெறுமதியைப் பற்றிய பேச்சில்லை. நாலு பேர்ச் காணிச் சண்டையிலும் அப்படியொரு பிரச்சினை கிளம்பலாம், கோடிக்கணக்கான கொமர்ஷல் வழக்கில் கிளம்பாமலும் போகலாம்.

"க்ரொஸ்" என்றால் எங்களுக்கும் மோசம்தான், "க்ரொஸ் நெக்ளிஜென்ஸ்" என்று டொக்டர்மாருக்கு எதிராகத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

மருந்துத்_தட்டு

கறுப்புக்கோட்டு ஐயா, டொக்டர்மார் அந்தச் சொல்லை வேறு விதமாகப் பாவிக்கிறார்கள். பெத்தொலஜியில் "க்ரொஸ்" என்றால் நுணுக்குக்காட்டி இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்தது. ரிப்போட்டில் "க்ரொஸ்லி நோர்மல்" என்றால் பார்த்தவரைக்கும் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று எடுக்கலாம். அம்மாவுக்கு நோவோ வேறு குணங்குறியோ இருந்தால் அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பி இருக்காமல் அனுப்பிய டொக்டரிடமே காட்டுங்கள்.

மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளிலும் இந்த விளையாட்டு உண்டு. ஐரோப்பிய முறையில் "கொமன்" பக்கவிளைவு என்றால் 100 இல் 1 தொடக்கம் 10 இல் 1 வரை, "ரெயர்" என்றால் 10,000 இல் 1 தொடக்கம் 1,000 இல் 1 வரை. கொமன் என்று வாசித்ததும் நாலில் ஒருவருக்கு வரும் என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கவுண்டரில் நின்று இதை விளங்கப்படுத்துவதே பாதி வேலை.

எண்_பைத்தியம்

லெட்ஜர் அக்கா சொன்னதற்கு ஒரு பழைய கதை. 1951 இல் அமெரிக்க உளவுத்துறை, யூகோஸ்லாவியா தாக்கப்பட "சீரியஸ் பொசிபிலிட்டி" இருக்கிறது என்று அறிக்கை எழுதியது. அதில் பங்கெடுத்த ஷெர்மன் கென்ட் மனதில் வைத்திருந்தது தாக்குதல் நடக்கும் பக்கம் 65க்கு 35. பிறகு கூட எழுதியவர்களைக் கேட்டால் ஒருவர் 20க்கு 80 என்கிறார், இன்னொருவர் 80க்கு 20. எல்லோரும் ஒரே வசனத்துக்குச் சம்மதித்தவர்கள்!

காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழு ஐ.பி.சி.சி. அதனால்தான் சொல்லோடு எண்ணையும் கட்டிவிட்டது: "லைக்லி" 66 சதவீதத்திலிருந்து, "வெரி லைக்லி" 90 இலிருந்து. ஆக 60 சதவீத வாய்ப்புள்ள ஒன்று அக்காவின் புத்தகத்தில் ப்ரொபபிள், அவர்களிடம் இன்னும் லைக்லி ஆகவில்லை. நமது வளிமண்டலவியல் திணைக்களமும் "100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை" என்று எண்ணோடு சொல்வது நல்ல பழக்கம். இந்தியாவில் 64.5 மில்லிமீற்றரிலேயே "ஹெவி" தொடங்கிவிடும், ஆகவே சென்னைச் செய்தியையும் கொழும்புச் செய்தியையும் சொல்லை வைத்து ஒப்பிடாதீர்கள்.

வெள்ளவத்தை_ட்ரெய்னி

எல்லோருக்கும் நன்றி, அம்மா நன்றாக இருக்கிறார். அப்போ தீசிஸில் பி-வெல்யூ 0.03, ஆனால் வித்தியாசம் வெறும் 1.2 சதவீதம் என்றால் எப்படி எழுதுவது?

எண்_பைத்தியம்

1.2 சதவீதம் என்று முதலில் எழுதுங்கள், பக்கத்தில் நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வீச்சு), பிறகு பி-வெல்யூ. சிக்னிபிகன்ட் என்று போட்டே தீரவேண்டுமென்றால் முன்னால் "ஸ்டட்டிஸ்டிக்கலி" சேர்த்து, அந்த 1.2 உங்கள் துறையில் யாருக்காவது உறைக்குமா என்று தனி வசனத்தில் சொல்லுங்கள். சுப்பவைசர் அடுத்துக் கேட்கப்போவது அதைத்தான்.

லெட்ஜர்_அக்கா

அதே 1.2 சதவீதம் சரக்கிருப்பில் என்றால் திங்கட்கிழமை மனேஜரிடம் ரூபாவில் சொல்லுங்கள்.