பையில் வைத்த புளூபெரி: புது இலை மஞ்சள், வேர் நகரவே இல்லை

விசுவமடுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியாப் பக்கம் ஒருவரிடம் எடுப்பித்த புளூபெரிக் கன்றுகள் எங்கள் வளவில் நிற்கின்றன. லேபிளில் 'பிலொக்சி' என்று இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா காசு அனுப்பி, ஊரில் ஒருத்தரும் செய்யாததைச் செய் என்று சொன்னதில் தொடங்கிய வேலை இது. பெரிய கறுப்புப் பைகளில் வைத்திருக்கிறேன். வளவுச் செம்மண், குளத்து வண்டல், நன்றாக உக்கிய மாட்டெரு, மூன்றும் சம பங்கு. பக்கத்தில் நிற்கிற கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதே கலவைதான், அவை கொழுத்துப்போய் நிற்கின்றன.

புளூபெரியின் பழைய இலைகளில் குறை ஒன்றும் இல்லை. நுனியில் வருகிற புது இலைதான் பிரச்சினை. நரம்பு மட்டும் பச்சை, இடையில் எல்லாம் மஞ்சள். சில இலைகளின் ஓரம் கருகுகிறது. ஒருவர் மக்னீசியம் குறைவு என்றார், இன்னொருவர் யூரியா போடு என்றார், அம்மா அடுப்புச் சாம்பல் போடச் சொல்கிறா.

நேற்று ஒரு பையைக் கிழித்துப் பார்த்தேன். அங்கிருந்து வந்தபோது கன்றோடு இருந்த மண்ணிறக் கட்டி அப்படியே, பழைய சாடியின் வடிவம் மாறாமல், கையோடு கழன்று வந்தது. வேர் முழுக்க அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கிறது. என் மண்ணுக்குள் ஒரு வேர்கூட இறங்கவில்லை. அழுகல் நாற்றமும் இல்லை. வேர்கள் தலைமயிரைவிட மெல்லியவை, தொட்டாலே அறுகின்றன. தண்ணீர் கிணற்றில் இருந்துதான், காலையும் மாலையும்.

இது என்ன குறைபாடு? பையை விட்டு நிலத்தில் வைத்தால் வேர் இறங்குமா?

ஒட்டுசுட்டான் கமம்:

தங்கச்சி, பேசாமல் நாவல் நடுங்கோ. குளக்கட்டில் தானாய் முளைத்து, ஒருத்தரும் தண்ணீர் ஊற்றாமல் காய்த்துக் கொட்டுகிறது. நிறமும் அதே நிறம், நாக்கும் நீலமாகும். அண்ணாவுக்குப் படம் எடுத்து அனுப்பினால் அவருக்கு வித்தியாசம் தெரியாது. சரி, பகிடிக்குச் சொன்னேன். மாஸ்டர் எப்படியும் வருவார், அவருடைய பாடம் இது.

நெடுங்கேணி மாஸ்டர்:

வந்துவிட்டேன். பிள்ளை, மற்றவர்கள் இலையைப் பார்த்து மருந்து சொல்கிறார்கள், நான் உம்முடைய அந்தக் கட்டியைப் பிடிக்கிறேன். வேர் ஏன் வெளியே வர மறுத்தது என்று விளங்கினால் இலைக்கான பதில் தானாக வரும்.

மிளகாய் நாற்று ஒன்றைப் பக்குவமாகக் கிளப்பி வேர் நுனியை வில்லையால் பாரும். வெள்ளையாக வேர்மயிர் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவரை நாற்றில் வரைந்திருப்பீர். புளூபெரிக்கு அது அறவே இல்லை. அதன் நுனி வேர்கள் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றுக்கும் குறைந்த தடிப்பு. அவற்றின் மேற்றோல் கலங்களுக்குள் ஒரு பங்கசு புகுந்து சுருண்டு கிடக்கும். புளூபெரி சேர்ந்த எரிக்கேசியே என்ற தாவரக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கூட்டு உண்டு. அமிலக் காட்டு மண்ணில் சருகு சரியாக உக்காது, நைதரசன் புரதமாகவே பூட்டிக் கிடக்கும். அந்தப் பங்கசு நொதியம் சுரந்து அதை உடைத்து வேருக்குக் கொடுக்கிறது, வேர் அதற்கு வெல்லம் கொடுக்கிறது. காட்டுச் செடி பசளை இல்லாமல் வாழ்வது இப்படித்தான்.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் இருந்த பிரெடெரிக் கொவில் என்ற தாவரவியலாளர் 1910 இல் இதைப் பரிசோதனை செய்து எழுதினார். அதற்கு முன் காட்டுச் செடியைக் கொண்டுவந்து நல்ல எரு மண்ணில், சுண்ணாம்பும் போட்டு வைத்தவர்களுக்குச் செடி செத்துக்கொண்டே இருந்தது. இதற்கு அமில மண்தான் வேண்டும் என்று காட்டியவர் அவர். நியூ ஜேர்சியில் எலிசபெத் வைற் என்ற அம்மா அதை வாசித்து அவரோடு சேர்ந்துகொண்டார். காட்டில் பெரிய பழம் காய்க்கிற செடிகளை ஊராரைக் கொண்டு தேடுவித்தார். 1916 இல் முதல் விளைச்சல் விற்பனைக்குப் போனது. அதாவது இது மனிதர் கைபட்டு நூறு வருடத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். நெல்லும் கத்தரியும் எங்களோடு ஆயிரக்கணக்கான வருடம் எரு மண்ணில் கிடந்து பழகியவை. புளூபெரியில் பழத்தைப் பெரிதாக்கினார்கள், உம்முடைய பிலொக்சி போன்றவற்றில் புளோரிடாவின் காட்டு இனத்தைக் கலந்து குளிர் அதிகம் தேவைப்படாத செடியையும் எடுத்தார்கள். வேர் இன்னும் காட்டு வேர்தான்.

இனி உம்முடைய பை. பி.எச் என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். எங்களுடைய செங்கபில மண்ணின் பி.எச் பெரும்பாலும் 6 க்கும் 7 க்கும் இடையில், கீழே போகப் போகக் கூடும். புளூபெரி கேட்பது 4.5 இலிருந்து 5.5 வரை. பி.எச் ஒன்று கூடினால் அமிலம் பத்து மடங்கு குறைவு என்பதை மறக்கவேண்டாம். அந்தச் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், ஆனால் 7 க்குக் கிட்டப் போனதும் அது கரைந்து வராது. அதைக் கரைத்து எடுக்கிற திறமை இந்த வேருக்குக் குறைவு. இரும்பு குவிந்து கிடக்கிற பைக்குள் இருந்துகொண்டே செடி இரும்பில்லாமல் நிற்கிறது. ஒரு தடவை இலைக்குள் போன இரும்பு இடம் மாறாது, அதனால்தான் புது இலை மஞ்சளாகிறது. மக்னீசியம் குறைந்தால் பழைய இலையில் தொடங்கியிருக்கும்.

அடுத்தது எரு. அதில் இருந்து வருகிற அமோனியத்தை எங்கள் வெக்கைக்கு மண் பற்றீரியா விரைவில் நைத்திரேற்றாக மாற்றிவிடும். மிளகாய்க்கு அது விருந்து. புளூபெரியிடம் நைத்திரேற்றைக் கையாளுகிற நொதியம் மிகக் குறைவு, அதற்கு அமோனியமாகவே வேண்டும். போதாக்குறைக்கு எருவில் உப்பு. ஓரம் கருகுவது அதனால் என்றுதான் நான் சொல்வேன். சாம்பலைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், அது பி.எச்சை இன்னும் கூட்டும்.

ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் கிணற்றில். உம்முடைய கேத்திலுக்குள் எட்டிப் பாரும். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது வன்னீர், சுண்ணாம்பு கரைந்த இருகாபனேற்றுத் தண்ணீர். எவ்வளவு புளிப்பான கலவையைப் பையில் நிரப்பினாலும் அந்தத் தண்ணீர் நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாக அதை நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடும். புளூபெரி வைக்கிற ஆட்கள் மண்ணைப் பற்றியே கதைக்கிறார்கள், தண்ணீரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

இன்னொன்று. கடையில் மைகொரைசா, அதாவது வேரோடு கூடி வாழ்கிற பங்கசு, என்று பக்கெற்றில் விற்கிறதை வாங்கிக் காசைக் கரைக்கவேண்டாம். அது மரக்கறிக்கும் பழமரங்களுக்கும் உரிய வேறு இனம், இந்த வேருக்குள் நுழையாது.

மொன்றியல் கனகராயன்குளத்தான்:

மாஸ்டர் சொன்ன காட்டு வேரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இங்கே கியூபெக்கில் சென் ஜோன் ஏரிப் பக்கம் காட்டுப் புளூபெரிக்குப் பெயர்போன இடம். ஓகஸ்ட் மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். இது முழங்காலுக்குக் கீழே நிற்கிற குட்டை இனம், கடையில் கிடைக்கிற பெரிய பழச் செடி இல்லை.

வீதி போடுவதற்காக வெட்டிவிட்ட கரை ஒன்றில் நின்று பார்த்தேன். மேலே நாலு விரல் அளவுக்குக் கறுத்த, நார் நாரான சருகு மண். அதற்குள்தான் எல்லாம் ஓடுகிறது. பென்சிலைவிட மெல்லிய, மண்ணிறமான நிலக்கீழ்த் தண்டுகள் படுத்தபடி போய், இடைக்கிடை மேலே ஒரு கிளையை விடுகின்றன. நுண்வேர்கள் அந்தத் தண்டில் இருந்து கறுத்த படைக்குள் மட்டும் பரந்திருந்தன. அதற்குக் கீழே வெளிறிய சாம்பல் நிற மணல், இன்னும் கீழே துரு நிறம். அந்தச் சாம்பல் மணலுக்குள் வேர் அநேகமாக இல்லை. நாங்கள் தனித்தனிச் செடி என்று நினைப்பது பல மீற்றர் அகலத்துக்கு ஒரே செடி. இலையுதிர் காலத்தில் போனால் தெரியும், ஒரு திட்டு கடும் சிவப்பாகவும் பக்கத்துத் திட்டு செம்மஞ்சளாகவும் நிற்கும்.

1870 இல் அந்தப் பகுதியில் பெருந்தீ வந்தது. காடு எரிந்த இடமெல்லாம் பிறகு புளூபெரி கிளம்பியது என்று அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். மேலே எரிந்தாலும் தண்டு கீழே தப்பிவிடும். காட்டுப் புளூபெரி செய்கிறவர்கள் பலர் ஒன்றுவிட்டு ஒரு வருடம் மேற்செடியை எரித்தோ வெட்டியோ விடுவார்கள். அடுத்த வருடம் தளிர், அதற்கடுத்த வருடம் பழம். நடுகை என்ற வேலையே இல்லை, இருக்கிற காட்டைத் துப்புரவாக்கி விடுகிறார்கள். என்னைக் கேட்டால் ருசியும் அந்தச் சின்னப் பழத்தில்தான்.

விசுவமடுக்காரி:

மாஸ்டர், கேத்திலைக் கவிழ்த்துத் தட்டினேன், முட்டைக்கோது மாதிரி வெள்ளைப் பொருக்கு உதிர்கிறது. பையின் ஓட்டைகளைச் சுற்றியும் அதே வெள்ளை. பற்றரி அசிட் கொஞ்சம் தண்ணீரில் கலந்து ஊற்றலாம் என்று வீடியோ ஒன்றில் சொல்கிறார்கள், சரிவருமா? இன்னொன்று, காட்டு இனங்களில் எங்கள் மண்ணைத் தாங்குகிறது ஒன்றும் இல்லையா?

மலையாளபுரம் ராஜ்:

அக்கா, எங்கள் குடும்பம் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு ஹற்றன் பக்கம் இருந்து கிளிநொச்சிக்கு வந்தது. அப்பா அங்கே தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். மாஸ்டர் சொல்கிற 4.5 இலிருந்து 5.5 அப்படியே தேயிலை மண்ணின் கணக்கு. அங்கே பிரச்சினை தலைகீழ். வருடக்கணக்கில் உரம் போட்டு மண் 4.5 க்கும் கீழே இறங்கிவிடும், கவ்வாத்துக்குப் பிறகு டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் போட்டுத் தூக்குவார்கள். இங்கே விசுவமடுவில் நீங்கள் அதைக் கீழே இறக்கப் பார்க்கிறீர்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கிற ரொடொடென்ரன் மரமும் புளூபெரியின் குடும்பம்தான். புளூபெரியின் சொந்தப் பேரினமான வக்சினியத்தில் ஒன்றும் எங்கள் மலைக்காட்டில் தானாக நிற்கிறது. ஆகவே இலங்கைக்கே ஆகாத செடி என்று சொல்ல முடியாது, வன்னிக்குத்தான் கஷ்டம். மலைநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் ஒன்றிரண்டு கன்றை அங்கே வைத்துப் பாருங்கள். அப்படியே பைன் பட்டைத் தூளும் சருகும் ஒரு சாக்கு எடுப்பியுங்கள், வனத் திணைக்களத்தைக் கேட்டுவிட்டு.

நெடுங்கேணி மாஸ்டர்:

ராஜ் சொன்னது சரி. பைன் பட்டை கிடைத்தால் உம்முடைய பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பற்றரி அசிட் வேண்டாம். சல்பூரிக் அமிலத்தோடு விளையாடுகிற வேலை அது, பழைய பற்றரி என்றால் ஈயமும் சேர்ந்து வரும். வீட்டளவுக்குச் சித்திரிக் அமிலம் போதும். ஒரு வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கி, பி.எச் தாளில் 5 அளவுக்கு வந்ததும் நிறுத்தும். அதைவிட நல்லது மாரி மழை. கூரைத் தண்ணீரைப் பிளாஸ்ரிக் தாங்கியில் பிடியும். புதுச் சீமெந்துத் தொட்டியில் பிடித்தால் சுண்ணாம்பு ஊறி மறுபடி அதே கதை.

நிலத்தில் வைக்கிற எண்ணத்தை விடும். எவ்வளவு பெரிய குழி வெட்டி நிரப்பினாலும் சுற்றியுள்ள மண்ணின் தண்ணீர் உள்ளே வரும். மாரியில் குழி நிரம்பி நின்றால் மேலோட்டமான இந்த வேர் மூச்சுமுட்டிச் சாகும். போடுகிற மூடாக்கையும் கறையான் விடாது. பையிலேயே வையும். கழுவிய தும்புத்தூள், பைன் பட்டை, கொஞ்சம் ஆற்றுமணல். தும்புத்தூளை நாலைந்து தரம் மழைத்தண்ணீரில் அலசும், அதில் உப்பு இருக்கும். கட்டியின் வெளிப்பக்கத்தை விரலால் மெதுவாகக் கலைத்துவிட்டு வையும், இல்லாவிட்டால் வேர் பழையபடி உள்ளேயே சுற்றும். எரு வேண்டாம். அமோனியம் சல்பேற் சிட்டிகை அளவு, அடிக்கடி. கந்தகத் தூளும் உதவும், ஆனால் மண் பற்றீரியா அதை அமிலமாக்க மாதக்கணக்கில் செல்லும். இரும்பு உரத்தில் ஈ.டி.டி.எச்.ஏ (EDDHA) என்று போட்டிருக்கிறதைக் கேட்டு வாங்கும், ஈ.டி.ரி.ஏ (EDTA) நடுநிலை மண்ணில் நெடுக நிற்காது.

காட்டு இனம் கேட்டீர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வக்சினியம் ஆர்போரியம் என்று ஒன்று இருக்கிறது. மரமாக வளரும், ஆணிவேர் ஆழமாக இறங்கும், வறட்சியைத் தாங்கும். பி.எச் 6 ஐத் தாண்டியும் சமாளிக்கும், நைத்திரேற்றையும் மற்றவற்றைவிட நன்றாக எடுக்கும். பழம் சின்னது, விதை நிறைய. அதை அடிக்கட்டையாக்கித் தோட்டப் புளூபெரியை ஒட்டிப் பார்க்கிறார்கள். மலைநாட்டுப் பட்டையைச் சாக்கில் காவுவதைவிட அந்த வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

காய்க்குமா என்பது வேறு கேள்வி. பிலொக்சிக்குக் குளிர் அதிகம் தேவையில்லை, ஆனால் தை மாத இரவிலும் 20 பாகைக்குக் கிட்ட நிற்கிற ஊர் இது. சித்திரை வெயிலுக்கு நிழல்வலை கட்டாயம். விற்கிற அளவுக்கு விளையும் என்று அண்ணாவுக்கு வாக்குக் கொடுக்கவேண்டாம்.

முதலில் ஒரு கன்றை மட்டும் மாற்றும். பையின் அடியில் வடிகிற தண்ணீரைக் கோப்பையில் பிடித்துக் கிழமைக்கு ஒரு தடவை அளவும். மேல் மண்ணில் தாளை வைத்துப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. 5.5 ஐத் தாண்டினால் கிணற்றுத் தண்ணீரை நிறுத்தும். அளவுகளை இங்கே போடும், பார்த்துவிட்டு மற்றக் கன்றுகளைப் பற்றிக் கதைப்போம்.