பினாங்கு ஆயர் ஈத்தாம் வீடு: குடும்ப குரூப்

வியாழன், காலை 7:40

லெட்சுமி அத்தை: [போட்டோ]
லெட்சுமி அத்தை: [போட்டோ]
லெட்சுமி அத்தை: நேத்து சாயந்தரம் மூணு பேரு வந்து நிலத்த அளந்துட்டுப் போயிருக்கானுங்க. ரம்புத்தான் மரத்துல செவப்பு பெயிண்டு. கேட்டுல கடுதாசி ஒட்டிருக்கு

கவிதா: அத்தை போட்டோ ஒரே மங்கலா இருக்கு. கடுதாசிய மட்டும் கிட்ட வச்சி எடுங்க

லெட்சுமி அத்தை: கண்ணாடி போடல

பாபு அண்ணன்: என்னா எழுதிருக்கு?

லெட்சுமி அத்தை: மலாய்ல இருக்கு. 30 நாள்னு மட்டும் தெரியுது. மாமா பாத்துக்கிட்டு இருக்காரு

மாலா சித்தி: ஐயோ. 17ஆம் தேதி பாட்டி தெவசம் அங்கதானே?

குட்டி: ரம்புத்தான் பழுத்துருச்சா

கவிதா: குட்டி!

ராஜூ சித்தப்பா: நம்ம நிலத்துல எவன்டா பெயிண்டு அடிக்கிறது. மொதல்ல போலீஸ் ரிப்போர்ட் போடுங்க

செல்வம் மாமா: ரிப்போர்ட் அப்புறம் போடலாம் ராஜூ. அது நம்ம நிலமான்னு மொதல்ல பாக்கணும்.

ராஜூ சித்தப்பா: என்னா மச்சான் பேசுறீங்க

லெட்சுமி அத்தை: காலையிலேருந்து இதே பேச்சுதான். இத்தன வருஷம் சுக்காய் வரி கட்டுனது யாரு? நான்

செல்வம் மாமா: வருஷத்துக்கு எத்தன தடவ கட்டுற?

லெட்சுமி அத்தை: ரெண்டு தடவ. பிப்ரவரி ஒண்ணு ஆகஸ்ட் ஒண்ணு

குட்டி: ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு குரூப்லயா பேசிக்கிறீங்க

லெட்சுமி அத்தை: அவரு ஹால்ல. நான் குசினியில

செல்வம் மாமா: எல்லாரும் பொறுமையா படிங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ வருதுன்னா அது சுக்காய் பிந்து. மாநகர் மன்றம் கட்டடத்துக்கு வாங்குற வரி. வீடு யாரோடதோ அவங்க பேருக்கு பில்லு வரும், அதுக்குக் கிரான், அதாவது நிலப் பட்டா, இருக்கணும்னு அவசியமில்ல. நிலத்துக்கு உள்ளது சுக்காய் தானா. அது வருஷத்துக்கு ஒரே தடவ, மே 31க்குள்ள பெஜாபாட் தானாவுல, அதான் நில ஆபீஸ்ல, கட்டணும். அந்த பில்ல நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து கண்ணால பாத்ததில்ல. லோயர் (வக்கீல்) ஆபீஸ்ல கிராணியா (குமாஸ்தாவா) இருந்தவன், பில்லு வந்திருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்காது.

ராஜூ சித்தப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

லெட்சுமி அத்தை: பாத்துட்டேன் தம்பி. வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்றதுக்கு ஒனக்கு இன்னும் வாய் ஓயல. அம்மாவ கடைசி வரைக்கும் தூக்கிக் கொளுப்பாட்டுனது அந்த வீட்டோட மாப்பிள்ளைதான்

மாலா சித்தி: அக்கா அவரு சும்மா சொன்னாரு 🙏

அப்பா: காலையிலயே வேணாம்

பாபு அண்ணன்: ஒண்ணு சொல்றேன் யாரும் கோவிக்காதீங்க. அந்த நிலத்த எங்கப்பா வாங்கிட்டாரு. 79ல. நிலத்து மொதலாளி தவுக்கேகிட்ட 800 வெள்ளி கட்டுனாரு. ரசீது அம்மாகிட்ட இருக்கு

ராஜூ சித்தப்பா: பெரியண்ணன் வாங்கிருந்தா எங்களுக்கு ஏன் தெரியல?

பாபு அண்ணன்: நீங்க கோலாலம்பூர்ல இருந்தீங்க

ராஜூ சித்தப்பா: கேஎல்ல இருந்துதான் கூரைக்கு 3000 அனுப்புனேன்

குட்டி: கூரை வந்துருச்சு டோய்

காலை 10:15

ராஜூ சித்தப்பா: [பல முறை பகிரப்பட்டது] *முக்கியத் தகவல்!! ஒரு நிலத்தில் 12 வருடம் தொடர்ந்து குடியிருந்தால் அந்த நிலம் உங்களுக்கே சொந்தம்!! இதை யாரும் சொல்ல மாட்டார்கள், அனைவருக்கும் பகிரவும்*

ராஜூ சித்தப்பா: பாருங்க. தாத்தா வீடு கட்டுனது 58. எத்தன 12 ஆச்சு

கவிதா: இது தமிழ்நாட்டு மெசேஜ் மாதிரி இருக்கு சித்தப்பா

செல்வம் மாமா: கவிதா சொல்றதுதான் சரி. அது இந்தியா சட்டம், அதுலயும் பாதியதான் எழுதிருக்கான். இங்க வேற. வெள்ளைக்காரன் காலத்துல பினாங்கு, மலாக்கா ரெண்டுலயும் இங்கிலீஷ் முறை, பத்திரத்த வச்சுத்தான் நிலம் கைமாறும். அப்ப சொந்தக்காரன் கேக்காம 12 வருஷம் விட்டுட்டா குடியிருக்கிறவன் கோர்ட்டுல பேசிப் பாக்க வழி இருந்துச்சு. 1966 ஜனவரி 1 தேசிய நிலச் சட்டம் அமலுக்கு வந்தது. 1965ல போட்ட சட்டம். அதுலேருந்து ரிஜிஸ்டர்ல யார் பேரோ அவன்தான் சொந்தக்காரன். 341வது பிரிவப் பாருங்க. எத்தன வருஷம் குடியிருந்தாலும் கிரான்ல பேர் உள்ளவனோட உரிமை போகாது. அரசாங்க நிலம்னா 48வது பிரிவு, அதுவும் இதே கததான். 58லேருந்து 66 எட்டு வருஷம். 12 ஆகல. அதோட வாடகை கட்டிக் குடியிருந்தா அந்தக் கணக்கே எடுபடாது, ஏன்னா வாடகை குடுக்கறப்பவே நிலம் அவனோடதுன்னு நாம ஒத்துக்கிட்ட மாதிரி.

மாலா சித்தி: 🙄

பாபு அண்ணன்: வாடகைன்னு யார் சொன்னா?

குட்டி: மாமா டீ குடிச்சிட்டு வாங்க

லெட்சுமி அத்தை: டீ குடுத்தாச்சு. ஆறிப் போச்சு

பகல் 12:50

பாபு அண்ணன்: [போட்டோ]
பாபு அண்ணன்: அம்மா பெட்டியிலேருந்து எடுத்தது. ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு இருக்கு

கவிதா: தாத்தா பேர் இருக்கு!! மை எவ்வளோ அழகா இருக்கு

அப்பா: அது அப்பா கையெழுத்து

ராஜூ சித்தப்பா: ஆமா. அந்த வளைவு

செல்வம் மாமா: சின்ன ரசீது எல்லாத்துலயும் சேவா தாப்பாக்னு இருக்கு பாபு. வீடு நம்மளோடது, மண்ணு தவுக்கேயோடது, மண்ணுக்கு மாசம் 4 வெள்ளி வாடகை. பினாங்குல பலகை வீடு பாதி இப்படித்தான் நின்னுச்சு. அந்த 800 ரசீத நிமிர்த்திப் புடிச்சு இன்னொரு தடவ எடுத்து அனுப்பு.

பாபு அண்ணன்: [போட்டோ]

செல்வம் மாமா: தாத்தா தவறுனது 78. இது 79. தாத்தா பேர்ல இருந்தத பெரியண்ணன் பேருக்கு மாத்திக் குடுக்க தவுக்கே வாங்குன காப்பிக்காசு மாதிரி தெரியுது. நிலம் வித்த ரசீதா தெரியல. நிலம் வித்தா பெஜாபாட் தானாவுல போய் பேர் மாத்திருக்கணும்.

பாபு அண்ணன்: எங்கப்பா ஏமாந்தாருன்னு சொல்றீங்களா

செல்வம் மாமா: ஏமாந்தாருன்னு சொல்லல. அந்தக் காலத்துல வாய்ச் சொல்லுதான். தவுக்கே நல்ல மனுஷன். அவரு புள்ளைங்க வித்திருக்கலாம்.

பாபு அண்ணன்: எங்கப்பா வாங்குனேன்னு என்கிட்ட சொன்னாரு மாமா. ரம்புத்தான் மரத்தடியில நின்னு சொன்னாரு

லெட்சுமி அத்தை: அண்ணன் என்கிட்டயும் சொல்லிருக்காரு. அது உண்ம

ராஜூ சித்தப்பா: என்கிட்ட சொல்லல

குட்டி: யாராச்சும் தாத்தா கையெழுத்தப் போட்டு திருட்டுத்தனமா வித்திருந்தா?

செல்வம் மாமா: நல்ல கேள்வி. தஞ்சோங் பூங்காவுல ஒரு தாய்லாந்து அம்மா நிலத்த வேற ஒருத்தி அவங்கதான்னு சொல்லி வித்துட்டா. வாங்குன கம்பெனிக்கே நிலம்னு 2000 டிசம்பர்ல கூட்டரசு நீதிமன்றம், நம்ம உச்ச கோர்ட்டு, தீர்ப்பு. நாடே கொதிச்சுது. அது தப்புன்னு அதே கோர்ட்டு சொல்றதுக்கு 2010 ஆச்சு. அதுல என்னா விஷயம்னா 340வது பிரிவுல

கவிதா: மாமா 340 வேணாம் 😭

செல்வம் மாமா: ஒரு தகவலுக்குச் சொன்னேன். நம்ம விஷயத்துல தாத்தா பேர்ல கிரானே இருந்ததில்லன்னா திருடறதுக்கும் ஒண்ணும் இல்ல.

பகல் 2:05

அம்மா: பாட்டி தங்கச்சி பினாங்கு ஸ்ட்ரீட் வீட்ட விட்டாங்களே அந்த மாதிரியா இது

செல்வம் மாமா: இல்லம்மா. அது பழைய கடைவீடு, 1948க்கு முன்னால கட்டுனது, அதனால வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல இருந்துச்சு. 2000 பொறந்ததோட சட்டம் போச்சு, வாடகை ஏறிருச்சு. நம்மளது 58, அதுல வராது.

அம்மா: அந்தச் சித்தி கடைசி வரைக்கும் அந்தத் தெருவத்தான் பேசுனாங்க

லெட்சுமி அத்தை: புவா பாலா கம்பத்துக்கு ஆன மாதிரி ஆகிருமோன்னுதான் பயமா இருக்கு. குளுகோர்ல மாடு எல்லாம் ரோட்டுல நின்னுச்சே

ராஜூ சித்தப்பா: அது அரசியல்

செல்வம் மாமா: அரசியலும் இருந்துச்சு, சட்டமும் இருந்துச்சு. பரம்பரையா இருந்த சனம். நிலம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கிட்டேருந்து அரசாங்கத்துக்குப் போய், அங்கேருந்து அரசாங்க ஊழியர் கூட்டுறவுக்குப் போச்சு. 2009ல கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போயும் நிக்கல. இடிச்சுட்டாங்க. பேசி ஒத்துக்கிட்டவங்களுக்கு ரெண்டு மாடி வீடு கெடச்சுது. அதத்தான் நான் காலையிலேருந்து சொல்ல வர்றேன். கத்துறதுக்கு முன்னால ரிஜிஸ்டர்ல யாருன்னு பாத்துட்டு, என்னா கேக்கலாம்னு லோயர்கிட்ட ஒக்காருவோம். வாடகை வாங்கிக் குடியிருக்க விட்டவன் கோர்ட்டு உத்தரவு இல்லாம வந்து இடிக்க முடியாது. இந்தக் கடுதாசி கோர்ட்டுலேருந்து வந்ததில்ல, ஒரு லோயர் அனுப்புன நோட்டீஸ். 30 நாள்ல யாரும் புல்டோசர் கொண்டாற மாட்டான். அந்த ரசீதுக் கட்டு பத்திரம் பாபு. ஒண்ணு கூடத் தொலைக்காத.

பாபு அண்ணன்: அதெல்லாம் பத்திரமா இருக்கும். ஆனா யாருக்கும் குடுக்க மாட்டேன். போட்டோ வேணும்னா கேளுங்க

ராஜூ சித்தப்பா: ஏன் குடுக்க மாட்ட?

பாபு அண்ணன்: அப்பா ரசீது

ராஜூ சித்தப்பா: நஷ்ட ஈடு வந்தா அதுவும் அப்பாவோடதா?

லெட்சுமி அத்தை: வீட்டுல இருக்கறது நான். கூரைக்குப் பணம் குடுத்தது நீ. ரசீது அவன்கிட்ட. எல்லாரும் பிச்சுக்கோங்க. என்னைய எங்க கொண்டு போய் வைப்பீங்கன்னு ஒருத்தரும் கேக்கல

அப்பா: லெட்சுமி, போன் பண்றேன் எடு

மாலா சித்தி: அக்கா கேஎல்ல எங்க வீட்டுக்கு வந்துருங்க. இடம் இருக்கு

லெட்சுமி அத்தை: நல்லாருக்குமா. நான் இங்கயே இருக்கேன்

இரவு 8:30

கவிதா: சரி. தெவசம் 17 அங்கதானே? மாத்தலல்ல?

அப்பா: அங்கதான்

அம்மா: வாழையிலை நான் வாங்குறேன். வடை யாரு?

குட்டி: அத்தை வடை

லெட்சுமி அத்தை: எனக்குக் கை வலி. மாலா போடட்டும்

மாலா சித்தி: நான் பாயாசம்னு போன தடவயே சொல்லிட்டேன் அக்கா

செல்வம் மாமா: கடுதாசியில நிலத்தோட லாட் நம்பர் இருக்கு. அத வச்சு யாரு வேணும்னாலும் காசு கட்டி சாரியான், அதான் ரிஜிஸ்டர்ல யார் பேர்னு தேடிக் குடுக்கற காகிதம், எடுக்கலாம், சொந்தக்காரனா இருக்கணும்னு இல்ல. திங்கக்கெழம கொம்தார்ல உள்ள பெஜாபாட் தானாவுக்கு ஒருத்தர் போனா போதும். என் முட்டி ஏறி எறங்க விடாது.

ராஜூ சித்தப்பா: பாபு போகட்டும். பினாங்குலதானே இருக்கான்

பாபு அண்ணன்: நான் போனா நான் எழுதி வாங்கிட்டேன்னு சொல்வீங்க. அப்பறம் வம்பு

குட்டி: திங்கக்கெழம பப்ளிக் ஹாலிடே

செல்வம் மாமா: அப்ப செவ்வாய்.

லெட்சுமி அத்தை: செவ்வாக்கெழம நெலத்து வேலைக்குப் போக வேணாம்

செல்வம் மாமா: நிலத்து வேல இல்ல. பேர் பாக்கறதுதான்.

லெட்சுமி அத்தை: வேணாம்னா வேணாம்

ராஜூ சித்தப்பா: சரி புதன். யாரு போறது?

குட்டி: ரம்புத்தான் கேட்டேனே யாரும் சொல்லல