இரவுச் சாப்பாட்டுக்கு மார்க் போடுவது எப்படி?

அடுப்படி:
தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பத்துக்கு இத்தனை என்று எழுதி வைக்கிறேன். ஓட்டல் சாப்பாடு 8, வீட்டுச் சமையல் 6 என்றே வருகிறது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் சரிதானா?

உப்புக்கல்:
அளவுகோல் ஒன்றே இருக்கட்டும். ஆனால் மொத்தமாக மார்க் போடாதீர்கள். உப்பு, சூடு, பதம், மணம் என்று பிரித்தால்தான் எங்கே அடிவாங்குகிறது என்று தெரியும். பெரும்பாலும் உப்பில்தான். ஒரு கிலோ உணவுக்குச் சுமார் 10 கிராமில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். எடை போட்டே அளந்துகொள்ளுங்கள். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது.

இரும்புச்சட்டி:
பதம் கெடுவது வாணலியை நிரப்பிவிடுவதால். காயோ கறியோ, மேல் ஈரம் வற்றும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். ஈரத்தைத் துடைத்து, இடைவெளி விட்டு, இரண்டு ஈடாக வறுங்கள். ஓட்டல் அடுப்பின் தீ வீட்டில் கிடைக்காது, இப்படித்தான் சமாளிக்க வேண்டும்.

மூக்கன்:
சமைத்தவரே மார்க் போட்டால் வீட்டுச் சாப்பாடு தோற்கத்தான் செய்யும்! ஒரு மணி நேரம் அதே வாசனையில் நின்ற மூக்கு மரத்துப்போயிருக்கும். சற்று நேரம் வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்து சாப்பிடுங்கள். இல்லையென்றால் கூடச் சாப்பிடுபவரைப் போடச் சொல்லுங்கள்.

அடுப்படி:
பார்சல் வாங்கி வந்தால்?

இரும்புச்சட்டி:
அதற்குத் தனிப் பட்டியல். மூடிய டப்பாவில் ஆவி அடைபட்டு மொறுமொறுப்பு போய்விடும். சமையல்காரரைக் குறை சொல்ல முடியாது.