பிரித்துப் பார்த்தபோது தெரிந்தவை: ஏமாற்று மின்னணு விளம்பரங்களோடு என் அனுபவம்

மின்னணுச் சாதனங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. இணையத்தில் விளம்பரம் பார்த்து வாங்கிய பொருள் சரியாக ஓடவில்லை என்றால், தெரிந்தவர்கள் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படி வந்தவற்றில் பல பழுதானவையே அல்ல. விளம்பரத்தில் சொன்ன வேலையைச் செய்வதற்கான பாகம் முதலிலிருந்தே அவற்றுக்குள் இருந்திருக்காது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் விளம்பரத்திலேயே கண்டுபிடிக்கும் பழக்கம் எனக்கு வந்தது.

அடிக்கடி வருவது, மின்கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று விற்கப்படும் பவர் சேவர். ப்ளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும். திறந்தால் ஒரு சின்ன கெபாசிட்டர், ஒன்றிரண்டு ரெசிஸ்டர், அந்த விளக்கு, அவ்வளவுதான். ஆனால் அதன் வீடியோவைப் பார்த்தால் படித்தவர்களே நம்பிவிடுகிறார்கள். ஒரு மோட்டாரை ஓடவிட்டு, கம்பியில் ஓடும் ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, பவர் சேவரைச் செருகுவார்கள். ஆம்பியர் நிஜமாகவே இறங்கும். மோட்டாருக்கும் மின்கம்பிக்கும் நடுவில் எந்த வேலையும் செய்யாமல் போய்வந்துகொண்டிருக்கும் மின்னோட்டம் ஒன்று உண்டு. கெபாசிட்டர் அதைத் தன்னிடமிருந்து கொடுத்துவிடுவதால் கம்பியில் ஓடும் ஆம்பியர் குறைகிறது. மோட்டார் செலவழிக்கும் வாட் அப்படியேதான் இருக்கிறது. வீட்டு மீட்டர் பொதுவாகக் கணக்கெடுப்பது அந்த வாட்டைத்தான், கிலோவாட் மணியாக. அதனால் பில் குறையாது. அந்த வீடியோக்களில் வாட் மீட்டர் மட்டும் வரவே வராது, கவனித்துப் பாருங்கள். ஒரு விளம்பரம் எந்த அளவைச் சொல்லாமல் விடுகிறது என்று தேடும் வழக்கம் எனக்கு இதிலிருந்துதான் தொடங்கியது.

அக்கா ஒருமுறை அனுப்பிய விளம்பரம் இது: மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டி, தண்ணீர் ஊற்றி யூஎஸ்பியில் இணைத்தால் அறையே ஏசி போட்டதுபோல் ஆகிவிடுமாம். எத்தனை வாட் குளிர்ச்சி என்று எங்கும் போடவில்லை. சரி, நாமே கணக்குப் போடலாம் என்று அவரோடு உட்கார்ந்தேன். தொட்டி அரை லிட்டர், நான்கு மணி நேரம் வரும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுக்கும். 500 கிராமை நான்கு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் ஏறக்குறைய 83 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு டன் ஏசி எடுப்பதோ சுமார் 3,500 வாட். முகத்துக்கு நேரே வைத்தால் ஈரக்காற்று இதமாக இருக்கும், அது உண்மை. மூடிய அறையில் புழுக்கம்தான் கூடும். அக்கா வாங்கவில்லை. இப்போது யார் இதைப் பற்றிக் கேட்டாலும் அவரே இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறார், எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

பவர் பேங்குக்கு எடை பார்த்தாலே போதும். சட்டைப் பையில் அடங்கும் அளவில் 50,000 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் மணி), அதாவது 50 ஆம்பியர் மணி என்று போட்டிருப்பார்கள். அந்த 50-ஐ உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 185 வாட் மணி. அவ்வளவு ஆற்றலை அடைக்க, நல்ல தரமான செல்களே சுமார் முக்கால் கிலோ வேண்டும். விளம்பரத்தின் அடியில் எடை 200 கிராம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அதோடு விமானத்திலும் கொண்டுபோகலாம் என்று ஒரு வரி. விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடியது 100 வாட் மணி வரைதான், 160-க்கு மேல் போனால் எந்தப் பையிலும் வைக்கவே முடியாது. ஒரே பக்கத்தில் இருக்கும் மூன்று வரிகள் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு நண்பர் கொண்டுவந்த பென் டிரைவ் என்னை உண்மையிலேயே வருத்தப்பட வைத்தது. 2 டிபி என்று வாங்கி, குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்களையெல்லாம் அதில் போட்டுவிட்டு, இடம் வேண்டும் என்று போனிலிருந்து அழித்துவிட்டார். உள்ளே இருந்தது மிகச் சிறிய கொள்ளளவு உள்ள மெமரி. கணினி கேட்டால் 2 டிபி என்று பொய் சொல்லும்படி, மெமரியை இயக்கும் சிப்பான கண்ட்ரோலரை மாற்றியிருந்தார்கள். நிஜமான இடம் தீர்ந்தபிறகு எழுதியதெல்லாம் போய்விடும், ஆனால் கோப்பின் பெயர் மட்டும் பட்டியலில் தெரியும். திறக்கும் நாளில்தான் விஷயம் தெரியவரும். கொஞ்சம் படங்களை மீட்டுக்கொடுத்தேன், மற்றவை போனது போனதுதான். இப்படிப்பட்டதை வாங்கிவிட்டவர்கள், எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்க்காமல் எதையும் அதில் வைக்காதீர்கள்.

இவற்றிலெல்லாம் போவது பணமும் படங்களும். ஊசி குத்தாமல் சர்க்கரை அளவைக் காட்டும் கைக்கடிகாரம் அப்படியில்லை, அதைப் பார்த்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. உடன் வேலை செய்யும் ஒருவரின் அப்பா, அதை நம்பி விரலில் குத்திப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார். நான் அந்தக் கடிகாரத்தைச் சுருட்டிய துண்டில் கட்டி வைத்தேன். துண்டுக்கும் சர்க்கரை அளவு காட்டியது! அதை அவர் கண்முன்னாலேயே செய்து காட்டிய பிறகுதான் பழையபடி பரிசோதிக்க ஒத்துக்கொண்டார். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இதைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றுகிறார்களா என்று தயவுசெய்து விசாரியுங்கள்.

கொசுவையும் எலியையும் விரட்டும் ஒலிக் கருவி பழைய சரக்கு. 2001-லேயே அமெரிக்க வர்த்தக ஆணையம் அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும், ஆதாரமில்லாமல் பேசாதீர்கள் என்று கடிதம் அனுப்பியிருந்தது. கொசு விஷயத்தில், 10 களச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2007-ம் ஆண்டு ஆய்வும் பலன் எதையும் காணவில்லை. 5ஜி கதிர்வீச்சைத் தடுக்கும் பதக்கங்கள் இன்னும் மோசம்: 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, அப்படிப்பட்ட பத்துப் பொருள்களிலிருந்தே கதிரியக்கம் வருவதாகச் சொல்லி, அணியாதீர்கள் என்றது.

பொருள் எதுவானாலும் விற்கும் பக்கம் மட்டும் ஒரே அச்சில்தான் இருக்கும். பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறிய இளம் பொறியாளர் ஒருவர், அவரை ஒழிக்கப் பார்க்கும் முதலாளிகள், பிரபலச் செய்தி நிறுவனங்களின் சின்னங்கள், அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும் டைமர். அந்தப் பக்கத்தை இன்னொரு பிரவுசரில் திறந்தால் டைமர் மறுபடி முதலிலிருந்து ஓடும். அடியில் வெளிர்சாம்பல் எழுத்தில் ‘இது விளம்பரம், செய்தியல்ல’ என்றிருக்கும். பாராட்டி எழுதியவரின் படத்தை கூகுளில் தேடினால், அதே முகம் வேறு பெயரில் வேறு பொருளைப் பாராட்டிக்கொண்டிருக்கும். இணைய முகவரி எப்போது பதிவானது என்று ஹூஈஸ் தளத்தில் பார்ப்பேன். லட்சக்கணக்கானோர் வாங்கியதாகச் சொல்லும் தளம் போன மாதம்தான் பிறந்திருக்கும்.

இப்போது நான் கவனித்துக்கொண்டிருப்பது, ஒரு லட்சம் லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று விற்கும் கையடக்க டார்ச். நல்ல எல்இடியே ஒரு வாட்டுக்கு 200 லூமன் தருவது பெரிது. அப்படியானால் 500 வாட்டாவது வேண்டும், கையில் பிடிக்கவே முடியாத சூடு வரும். இதுவரை ஒன்றுகூட என் மேசைக்கு வரவில்லை. வாங்கியவர்கள் இருந்தால், உள்ளே என்ன செல், என்ன எல்இடி, தொடர்ந்து எரியவிட்டால் எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்று எழுதுங்கள். படமும் போட்டால் இன்னும் நல்லது.