உப்பளப் பெண்களோடு சேர்ந்து செய்யும் ஓவியப் பணிக்கு எந்த நல்கை (நிதியுதவி) பொருந்தும்?

கேள்வி: கரிக்கோடு

அனைவருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடியைச் சேர்ந்தவள், வயது 27. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக ஊரிலேயே இருக்கிறேன். என் பாட்டியும் பெரியம்மாவும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதால், அங்கே வேலைக்குச் செல்லும் பெண்களின் வீடுகளுக்குள் போய்வர எனக்குத் தனியாக அனுமதி தேவைப்பட்டதில்லை. முதலில் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு எடுத்தேன். அம்மாக்கள் வாசலில் நின்று பார்த்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள், இப்போது பன்னிரண்டு பேர் பழைய வெள்ளை வேட்டித் துணியில் கரியால் வரைகிறார்கள். இருட்டோடு எழுந்து வீட்டிலிருந்து பாத்திவரை நடக்கும் வழியை ஒவ்வொருவரும் வரைந்தபோது, ஒரே அளத்துக்குப் போகிறவர்களின் படங்கள்கூட ஒன்றுபோல் இல்லை. ஒருவர் வழியெல்லாம் நாய்களை வரைந்தார். இன்னொருவர் குடிநீர் கிடைக்கும் இடங்களை மட்டுமே வரைந்தார்.

இந்தப் பணியை ஓராண்டாவது இடைவிடாமல் செய்ய ஒரு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். சென்ற ஆண்டு ஓர் அமைப்புக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. அந்தப் படிவத்தில், என் பணியால் அந்தச் சமூகத்தில் என்ன மாற்றம் நிகழும், அதை எப்படி அளப்பேன் என்று கேட்டிருந்தார்கள். பெண்களின் தன்னம்பிக்கை உயரும், கூலி உயர்வுக்கான குரல் வலுப்பெறும் என்றெல்லாம் எழுதினேன். எழுதும்போதே கூச்சமாகத்தான் இருந்தது.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. இத்தகைய பணிக்கு உண்மையிலேயே பொருந்தும் நல்கைகள் எவை? சமூக மாற்றம் குறித்த அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லாமல் எப்படிப் பதில் எழுதுவது? வரைய வரும் பெண்களுக்கு நல்கைப் பணத்திலிருந்து ஏதேனும் கொடுக்கலாமா, அல்லது அது கூலிக்கு ஆள் பிடித்ததுபோல் ஆகிவிடுமா?

பதில் 1: நெய்தல்நிலம்

உங்கள் கேள்வியின் முதல் பத்தியே நல்ல முன்மொழிவாக இருக்கிறது. அந்த நாய்களையும் குடிநீரையும் விண்ணப்பத்தில் எழுதினீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் சில தேர்வுக் குழுக்களில் இருந்திருக்கிறேன். தன்னம்பிக்கை உயரும் என்று எழுதாத விண்ணப்பத்தை நான் கண்டதில்லை என்பதால், அந்தச் சொல் யாரையும் நிறுத்திப் படிக்க வைப்பதில்லை.

முதலில் நல்கைகள். பெங்களூருவில் உள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை (ஐ.எஃப்.ஏ.) 1993-இல் தொடங்கப்பட்டு, 1995 முதல் நல்கைகள் வழங்கி வருகிறது. இந்திய மொழிகளில் எழுதிய முன்மொழிவுகளையும் அவர்கள் ஏற்பதால், ஆங்கிலத்துக்காக உங்கள் குரலை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கலை ஆக்கத்துக்கும் கலை ஆய்வுக்கும் அவர்களிடம் தனித்தனித் திட்டங்கள் உண்டு. உங்களுடையது முதல் வகையில் சேரும். அடுத்தது நடுவண் பண்பாட்டு அமைச்சகத்தின் ஃபெலோஷிப். 25 முதல் 40 வயது வரையிலானோருக்கான இளநிலைப் பிரிவில் மாதம் 10,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குத் தருகிறார்கள். 40 வயதைக் கடந்தோருக்கான முதுநிலைப் பிரிவில் அது 20,000 ரூபாய். ஆனால் அது தனிநபர் ஆய்வை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட திட்டம். பன்னிரண்டு பேர் சேர்ந்து வரைவதை அதற்குள் பொருத்த வேண்டுமானால், உப்பளப் பாதைகளின் நினைவு வரைபடங்கள் பற்றிய ஆய்வு என்பதுபோல் வடிவத்தைச் சற்றே மாற்றி எழுத நேரும். வெளிநாட்டு வாய்ப்புகளில், ஆம்ஸ்டர்டாமின் பிரின்ஸ் கிளாஸ் நிதியம் 2021 முதல் வழங்கும் விதை விருதைக் கவனியுங்கள். பணியின் தொடக்க ஆண்டுகளில் இருக்கும் கலைஞர்களுக்கு 5,000 யூரோ தருகிறார்கள். குறிப்பிட்ட செயல்திட்டத்துக்கென்று கட்டிப்போடாமல் கலைஞரை நம்பித் தரும் பணம் அது.

அளப்பது பற்றிய கேள்விக்கு வருகிறேன். கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், கொண்டாகாவ் ஊரில், ஆதிவாசிக் கலைஞர்களோடு பல்லாண்டுகளாகச் செய்துவரும் பணியைத் தேடிப் படியுங்கள். அங்கே கைப்பம்புகளைச் சுற்றி அவர்கள் கட்டிய அமைப்புகளில், நிறைகுடத்தைத் தலைக்கு ஏற்றுமுன் சற்று வைத்து இளைப்பாறத் திட்டுகள் உண்டு. பெண்களின் விடுதலை என்று பெரிதாக எதுவும் அறிவிக்கத் தேவையில்லாமல், குடம் தூக்கும் இடுப்புக்கு அந்தத் திட்டு பயன்படுகிறது. உங்கள் பணியிலும் அப்படிக் கண்ணால் காணத்தக்க சிறிய பொருள் எது என்று யோசியுங்கள். குடிநீர் கிடைக்கும் இடங்களை ஒருவர் வரைந்திருக்கிறார் அல்லவா, அதைப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரே பெரிய துணியில் வரைந்தால், எந்தப் பாதையில் எவ்வளவு தொலைவுக்குத் தண்ணீரே இல்லை என்பது தெரிந்துவிடும். அத்தகைய வரைபடம் ஒன்று உருவாகும், அதன் நகல் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் என்று எழுதுங்கள். கூலி உயர்வு தொழிற்சங்கத்தின் வேலை. அதை ஓவியத்தின் தலையில் ஏற்றினால் இரண்டுக்குமே கேடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கால அட்டவணை எந்த மாதத்தில் தொடங்கியது? நல்கை ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதற்காக அப்போது பட்டறை வைப்பதாக எழுதியிருந்தால், உப்பு வாரும் பருவம் உச்சத்தில் இருக்கும்போது வெயிலில் நின்று வந்தவர்களை மாலையில் மறுபடி உட்காரச் சொல்கிறீர்கள் என்று பொருள். வடகிழக்குப் பருவமழைக்காக அளங்கள் நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டு வேலை, பாத்தி மிதித்துச் சீரமைக்கும் நாள்களில் உடன்சென்று பார்ப்பது, கோடையில் ஆவணப்படுத்துவது என்று உப்பின் ஆண்டை ஒட்டி எழுதுங்கள். நியூயார்க்கில் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூகலெஸ் 1979-80-இல் அந்நகரின் 8,500 துப்புரவுப் பணியாளர்களையும் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி நன்றி சொன்னபோது, அவர்களுடைய பணிநேரத்துக்கும் பணியிடத்துக்கும் அவர்தான் சென்றார். அதற்குப் பதினொரு மாதங்கள் ஆயின. நகரின் துப்புரவுத் துறையில் உறைவிடக் கலைஞர் (அத்துறையோடு இருந்து படைப்பவர்) என்ற அவருடைய பதவிக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

நான் கலைஞன் அல்லன். சில தொண்டு நிறுவனங்களுக்கு வரவுசெலவு எழுதிக் கொடுப்பவன். எனவே மூன்றாவது ஐயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும், அதை வரவுசெலவுத் திட்டத்தில் முதல் வரியாக எழுத வேண்டும். பன்னிரண்டு பேருக்கு, இருபது அமர்வுகளுக்கு, ஆளுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 72,000 ரூபாய் ஆகிறது. இளநிலை ஃபெலோஷிப்பின் இரண்டாண்டுத் தொகை 2,40,000 ரூபாய். அதில் இது சரியாக 30 விழுக்காடு. மாதத்துக்கு 3,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். மீதமுள்ள 7,000 ரூபாயில் உங்களால் வாழ முடியுமா என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தனிநபருக்கான உதவித்தொகையை நம்பிக் கூட்டுப்பணியைத் தொடங்கியவர்கள், ஆறாவது மாதத்தில் தேநீர்ச் செலவைக்கூட வெட்டியதை நான் பார்த்திருக்கிறேன். துணி, கரி, போக்குவரத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கான தொகை ஆகியவற்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இல் வந்தது. அதில் 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவுபெற்ற ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறு அமைப்புக்கோ தனிநபருக்கோ மாற்றிக் கொடுக்க இயலாது. உள்ளூர் அறக்கட்டளை ஒன்றின் கணக்கில் வாங்கி உங்களுக்குத் தருகிறோம் என்று யாராவது அன்போடு முன்வந்தால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். உங்கள் பெயருக்கே வரும் விருதானாலும், விண்ணப்பிக்கும் முன்பே, அது எந்த வகையில் வரும் என்று அழைப்பு அறிவிப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள். கிடைத்த பிறகு கேட்பது தாமதம்.

கரிக்கோடு

இருவருக்கும் நன்றி. என் அட்டவணை மே மாதத்தில்தான் தொடங்கியது. படிக்கும்போது வெட்கமாக இருந்தது, ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே மே மாதத்தில் யாரும் யாரோடும் பேசத் தெம்பில்லாமல் படுத்துவிடுவார்கள்.

பணம் கொடுப்பது பற்றி நேற்று அவர்களிடமே கேட்டேன். மூத்தவரான ஓர் அத்தை, “படம் போட்டதுக்குக் கூலி வாங்கினேன்னு சொன்னா ஊர்ல சிரிப்பாங்க” என்றார். வயதில் சிறிய ஒருவரோ, வேலையில்லாத மூன்று மாதத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும், கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்றார். இரண்டையும் எப்படி ஒரே வரவுசெலவில் எழுதுவது?

பதில் 3: பனைவடலி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே போருக்குப் பிறகு வெளியிலிருந்து நிதியோடு வந்த பல திட்டங்களைப் பார்த்தவர்கள் நாங்கள். எங்கள் சனங்கள் கதை சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்கள் என்பதையும், சொன்ன கதை எங்கே போனது என்பது அவர்களில் பலருக்கு இன்றுவரை தெரியாது என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு, ஓவியர் தா. சனாதனனின் பணி. 2011-இல் வெளியான அவருடைய நூலுக்காக, இடம்பெயர்ந்த எண்பது பேர், தமிழரும் முஸ்லிம்களும், தாங்கள் இழந்த வீடுகளின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அந்தக் கைக்கோட்டுப் படமும், அதிலிருந்து கட்டடக்கலை முறையில் வரையப்பட்ட படமும், ஓவியரின் சித்திரமும் அதில் உண்டு. தோம்பு என்ற காணிப் பதிவேட்டின் பெயரையே அந்த நூலுக்கு வைத்தார்கள். வீட்டுக்காரர் போட்ட கோணல் கோட்டை ஓவியர் திருத்தி அழிக்காமல், தன்னுடைய கோட்டைத் தனித் தாளில் வைத்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் கண்காட்சியிலும் எது அவர்களுடைய கோடு, எது உங்களுடைய கோடு என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் அத்தை சொன்னதையும் அந்த இளம் பெண் சொன்னதையும் மோதவிட வேண்டாம். வரைவதற்கு என்று எழுதாமல், வருகைக்கும் நேரத்துக்குமான தொகை என்று எழுதுங்கள்; கூட்டத்துக்குச் செல்கிறவர்களுக்குப் பயணப்படி கொடுக்கிறார்களே, அதுபோல. எல்லோருக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும், வேண்டாம் என்கிறவர் தன் பங்கைப் பொதுச் செலவுக்கு விடலாம். அதையும் அவரே அறிவிக்க வேண்டும், நீங்கள் அவர் சார்பில் முடிவு செய்யக் கூடாது.

நல்கை ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன், படங்களின் உரிமை யாருக்கு என்ற பத்தியை இரண்டு முறை வாசியுங்கள். துணிகள் பெண்களுக்கே சொந்தம், காட்சிக்கு அவை இரவலாக மட்டும் வரும், விற்றால் பணம் வரைந்தவருக்கு என்று எழுதித்தர மறுக்கும் அமைப்பிடம் நீங்கள் பணம் வாங்க வேண்டாம் என்பேன். முதல் காட்சியையும் சென்னையில் வைக்காதீர்கள்.

பதில் 4: தெருமுனை

எல்லோரும் நல்கை கிடைத்துவிடும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழா, மீனவர் குப்பத்துக்குள்ளேயே கர்நாடக இசையையும் பறையாட்டத்தையும் வைத்தது. பெரும் புரவலர் ஒருவருக்காகக் காத்திருக்காமல், தன்னார்வலர்களின் உழைப்பையும் பலரிடம் திரட்டிய சிறு தொகைகளையும் வைத்துத்தான் அது தொடங்கியது. ஒளிப்படக் கலைஞர் ம. பழனிகுமாரைப் பாருங்கள். துப்புரவுப் பணியாளர்கள், மீனவர்கள் ஆகியோரின் வாழ்வைப் பதிவு செய்யும் அவருக்கு 2020-இல் ஒன்று, 2021-இல் ஒன்று என்று நல்கைகள் வந்தன. அவற்றுக்கு வெகு முன்பே அவர் அந்தத் தெருக்களில் இருந்தார். பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கவும் சொல்லித் தருகிறார்.

ஆகவே உங்கள் திட்டத்தை இரண்டாக எழுதிக்கொள்ளுங்கள். பணம் வந்தால் இருபது அமர்வு. வராவிட்டால் வேட்டித் துணியும் கரியும் கொண்டு நடக்கக்கூடிய ஆறு அமர்வு. அந்தச் சிறிய திட்டத்தை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டாலும் தவறில்லை என்பது என் கருத்து. நெய்தல்நிலம் இதை மறுக்கக்கூடும்.

நெய்தல்நிலம்

மறுக்கவில்லை. ஆனால் ஆறு அமர்வுக்கும் பயணப்படி எங்கிருந்து வரும் என்பதைக் கணக்குப்பிள்ளை கேட்பார்.

கரிக்கோடு

கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: நான் இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி எடுக்கிறேன், அந்தப் பணம் ஆறு அமர்வுக்குப் போதும். அட்டவணையை அக்டோபருக்கு மாற்றிவிட்டேன். முன்மொழிவைத் தமிழிலேயே எழுதி, வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். உரிமை பற்றிய பத்தியை அந்த அத்தையே திருத்தட்டும். அவர் பத்தாம் வகுப்புவரை படித்தவர், பிழை பொறுக்க மாட்டார். நாய்களை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.