விளக்குக்குள் விரல் சுட்டால் ஜெல் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தமா?

வானதி:
ஜெல் நகப்பூச்சு போட்டு, அதை இறுக வைக்கிற புற ஊதா விளக்குக்குள்ள கையை வைக்கிறதைப் பத்தி இன்னொரு இழையில நெயில்டெக்_சுபா எழுதினதை அப்படியே போடறேன்: "விளக்குக்குள்ள விரல் சுட்டா பயப்படாதீங்க, ஜெல் நல்லா பிடிக்குதுன்னு அர்த்தம். பல்லைக் கடிச்சுக்கிட்டு பத்து நொடி பொறுங்க." படிச்சதிலேர்ந்து ஆத்திரமா வருது. இதே பேச்சை நம்பி உட்கார்ந்தவ நான். அப்புறம் ரெண்டு நகம் சதையை விட்டுத் தூக்கிக்கிச்சு. சுட்டா கையை வெளியே எடுக்கணும். இதுல பல்லைக் கடிக்க என்ன இருக்கு?

நெயில்டெக்_சுபா:
முழுசா படிச்சுட்டு கத்துங்க வானதி. ஜெல் இறுகும்போது வெப்பம் வந்தே தீரும். மூலக்கூறுகள் சங்கிலியா கோத்துக்கும்போது வெளிவர்ற வெப்பம் அது. வேதியியல். வெப்பமே வேண்டாம்னா ஒட்டு நகம் வாங்கி ஒட்டிக்கோங்க, எங்க உயிரை வாங்காதீங்க.

வானதி:
வெப்பம் வரும்னு எனக்கும் தெரியும். சிலருக்கு மட்டும் ஏன் துள்ளிக் குதிக்கிற அளவுக்கு வருது, அதைச் சொல்லுங்க. ஒண்ணு, ஜெல்லைக் கனமா அப்பியிருப்பீங்க. கனம் கூடினா ஒரே நேரத்துல வெளிவர்ற வெப்பமும் கூடும். இல்லேன்னா, மெஷின் வெச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு நகத்தை மெலிசாக்கியிருப்பீங்க. அடியில இருக்கிற நகப்படுகை உயிருள்ள சதை, நரம்பு ஓடுற இடம். அதுக்கு மேல இருந்த தடுப்பையும் எடுத்துட்டா சுடாம என்ன பண்ணும்? ரெண்டுமே போட்டு விடறவங்க வேலைல இருக்கிற கோளாறு. அதை மறைக்கத்தான் "நல்லா பிடிக்குது"ன்னு ஒரு சமாதானம்.

பர்வீன்:
ஒரு நிமிஷம். லேசா வெதுவெதுன்னு இருக்கிறதைச் சொல்றீங்களா, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சுடறதைச் சொல்றீங்களா? ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசறீங்களான்னே தெரியலை.

நெயில்டெக்_சுபா:
கையை வெளியே எடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்றேன். பாதி இறுகின ஜெல் நகத்து மேல நிக்கும். இறுகாம மிச்சம் இருக்கிற ரசாயனம் தோல்ல பட்டாதான் அலர்ஜியே வரும். நீங்க "எடு எடு"ன்னு சொல்லி நாலு பேருக்கு அலர்ஜி வரவழைக்காதீங்க. பல வருஷமா இந்த வேலையில இருக்கேன், பயிற்சி முடிச்ச சான்றிதழ் இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?

வானதி:
என்கிட்ட வலிச்ச விரல் இருக்கு. எடுத்துட்டு வீட்டுக்கு ஓடச் சொன்னேனா? எடுங்க, சூடு அடங்கட்டும், திரும்ப வைங்க, முழு நேரமும் முடிங்க. மெல்லிய பூச்சா ரெண்டு தடவை போடுங்க. குறைந்த வெப்பத்துல தொடங்குற வசதி பல விளக்குல இருக்கு, அந்தப் பொத்தானை ஒரு நாளாவது தொட்டிருக்கீங்களா? இதெல்லாம் செஞ்சா நேரம் ஆகும். அடுத்த ஆள் காத்திருக்காங்க. அதான் "பல்லைக் கடிங்க".

குமரன்_கே:
இவ்வளவு எதுக்கு? நகத்துக்கு மூச்சு விட இடம் கொடுங்க. மாசத்துல ஒரு வாரம் சும்மா விட்டா எல்லாம் சரியாயிடும். எங்க அக்காவுக்கு நகம் மடங்குற அளவுக்கு மெலிஞ்சு போச்சு, காத்துப் படாததுதான் காரணம்.

நெயில்டெக்_சுபா:
நகம் மூச்சு விடாது சார். வெளியே தெரியற நகம் உயிரில்லாத கெரட்டின். அதை வளர்க்கிற நகவேருக்கு ஆக்சிஜன் ரத்தத்துல போகுது. உங்க அக்கா ஜெல்லைப் பிய்ச்சு எடுத்திருப்பாங்க, அதோட சொந்த நகத்தோட அடுக்கும் சேர்ந்து வந்திருக்கும்.

வானதி:
மூச்சு விடாதுங்கிறது சரி. ஆனா உடனே "பிய்ச்சிருப்பாங்க"ன்னு பழியை அவங்க மேல போட்டுட்டீங்க பாருங்க. மெஷின்ல தேய்ச்சாலும்தான் மெலியும். ஒரு வாரம் விட்டா சரியாகாது குமரன், விரல் நகம் மாசத்துக்குச் சுமார் 3 மி.மீ.தான் வளரும். கெட்டுப்போன பகுதி முழுசா வளர்ந்து வெளியேற ஆறு மாசம்கூட ஆகலாம்.

எஸ்தர்_நர்ஸ்:
உலக சுகாதார நிறுவனம் 2009ல வெளியிட்ட கை சுகாதார வழிகாட்டுதல்லயே, நோயாளிகளை நேரடியா தொடறவங்க செயற்கை நகம் போடக் கூடாது, சொந்த நகமும் 0.5 செ.மீ.க்குள்ள இருக்கணும்னு இருக்கு. தூக்கின இடுக்குல ஈரம் தங்கி சூடோமோனாஸ் பாக்டீரியா வளர்ந்தா நகம் பச்சையாகும். அதைப் பார்த்ததும் கழற்றணும். சிலர் மேலேயே இன்னொரு பூச்சு அடிச்சு மறைக்கிறாங்க, கொடுமை.

நெயில்டெக்_சுபா:
அது ஆஸ்பத்திரிக் கிருமி விவகாரம். சுடறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நகம் தூக்குறதுக்கு ஒரு காரணம் அளவுக்கு மீறின நீளம். எங்கேயாவது இடிச்சா கடப்பாரை மாதிரி அடியோட நெம்பும். நீளமா வேணும்னு அடம் பிடிக்கிறது வாடிக்கையாளர், திட்டு மட்டும் எங்களுக்கு.

பர்வீன்:
அலர்ஜின்னு சாதாரணமா சொல்லிட்டுப் போறீங்களே சுபா. ஜெல்லுல இருக்கிற மெத்தாக்ரிலேட்ங்கிற ரசாயனக் குடும்பத்தால வர்ற அலர்ஜி ஒரு தடவை வந்தா பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க கூடவே இருக்கும். நகத்தைச் சுத்தி அரிப்பு, கொப்புளம், நுனியில தோல் வெடிப்புன்னு ஆரம்பிக்கும். பல் அடைக்கிற பொருள்லயும், எலும்பு அறுவை சிகிச்சைக்கான சிமெண்ட்லயும் அதே குடும்பம்தான் இருக்கு, அப்போ மாட்டிக்குவாங்க. ஐரோப்பிய ஒன்றியம் 2020லயே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஹெமா கலந்த நகப் பொருட்களைத் தொழில்முறையாளர்கள் மட்டும் பயன்படுத்தணும்னு கட்டுப்படுத்தியாச்சு. நான் மேலே கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.

நெயில்டெக்_சுபா:
நான் ஹெமா இல்லாத ஜெல்தான் வாங்கறேன்.

வானதி:
ஹெமா இல்லைன்னா அக்ரிலேட்டே இல்லைன்னு அர்த்தமில்லை. அதே குடும்பத்துல வேற ஒண்ணு இருக்கும், அதுக்கும் அலர்ஜி வரலாம். ஹெமா இல்லாத ஜெல்லும் இறுகும்போது சுடும். ஜெல்லை ஒளியில இறுக வைக்கச் சேர்க்கிற டிபிஓங்கிற ரசாயனத்தையும் 2025 செப்டம்பர் 1லேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்துல தடை பண்ணிட்டாங்க, உங்க டப்பாவுல அது இருக்கான்னு பார்த்தீங்களா?

நெயில்டெக்_சுபா:
டிபிஓ தடை வந்தது இனப்பெருக்கத்தைப் பாதிக்கலாம்னு, விலங்குச் சோதனைகளை வெச்சு. சுடறதுக்காக இல்லை. எதையாவது எடுத்து எதுலயாவது ஒட்ட வேண்டியது. போன இழையில, ஜெல்லை ஊற வெச்சு எடுக்கிற அசிட்டோன் விஷம்னு எழுதிட்டு, நான் கேள்வி கேட்டதும் பின்னூட்டத்தை அழிச்சவங்கதானே நீங்க?

வானதி:
அழிச்சது நான் இல்லை, மட்டுறுத்துனர். அதுவும் நீங்க என்னை "அரைகுறை"ன்னு சொன்னதால மொத்தமா தூக்கினாங்க. விஷம்னு நான் எழுதவும் இல்லை, தோலையும் நகத்தையும் காய வைக்கும், அதனால சுத்தித் தைலம் தடவிட்டு ஊற வைங்கன்னு எழுதினேன்.

நெயில்டெக்_சுபா:
ஸ்கிரீன்ஷாட் இருக்கு. போடவா?

குமரன்_கே:
எங்க அக்கா பிய்க்கவே இல்லை. கேட்டுட்டேன்.

எஸ்தர்_நர்ஸ்:
குமரன், அவங்களை முதல்ல தோல் மருத்துவர்கிட்ட காட்டச் சொல்லுங்க. இங்க இதுக்கு முடிவு வராது.

வானதி:
போடுங்க சுபா, முழுசா போடுங்க. பத்துப் பதினைஞ்சு நிமிஷம் ஊற வைக்க வேண்டியதை ரெண்டு நிமிஷத்துல கம்பி வெச்சுச் சுரண்டறது ஏன்னு அதே இழையில கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியையும் சேர்த்துப் போடுங்க.